பெடல் உள்ள போகுதுடா

எங்க வீட்டு மாருதி 800 ஒரு 2003 மாடல். அப்பா ரிட்டயர் ஆன காசுல வாங்கினது. 2014 ஜனவரியில 800 தயாரிப்பே நின்னு போச்சு, ஆனா எங்க வண்டி நிக்கல. பதினஞ்சு வருஷம் முடிஞ்சதும் ஆர்.சி.யைப் புதுப்பிச்சு இன்னும் ஓடிட்டிருக்கு. "எடைக்குப் போட்டுடலாம்"னு தங்கமணி சொல்லாத நாளில்ல. அப்பா காதுல அது மட்டும் விழாது.

வினை வந்தது ஈ.சி.ஆர். சிவாஜி சிலை சிக்னல்ல. அப்பா ஓட்டறார், நான் பக்கத்துல. சிவப்பு விழுந்தாச்சு. வண்டி போய்க்கிட்டே இருக்கு. முன்னாடி நின்ன ஸ்கூட்டிக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்னுது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாவியை வாங்கிக்கிட்டேன். "எழுபத்தாறு ஆகுதுப்பா. இனிமே நீங்க ஓட்ட வேணாம்" அப்படின்னேன். அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "பெடல் உள்ள போகுதுடா." சாக்கு சொல்றார்னு நினைச்சேன். அவரும் அதுக்கு மேல பேசல. மறுநாள்லேர்ந்து முத்தியால்பேட்டையிலேர்ந்து குடையை எடுத்துக்கிட்டு டெம்போவுல மார்க்கெட் போக ஆரம்பிச்சிட்டார்.

பத்து நாள் கழிச்சு நான் ஓட்டறேன். கோட்டக்குப்பம் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை அமுக்கினா, சேத்துல கால் வச்ச மாதிரி பெடல் கீழே போகுது! ரெண்டாவது தடவை அமுக்கினப்பதான் பிடிச்சுது. மாடு பிழைச்சது, நானும் பிழைச்சேன்.

உருட்டிக்கிட்டே வீடு வந்து பானெட்டைத் திறந்தா, பிரேக் ஆயில் குறைஞ்சபட்சக் கோட்டுக்கும் கீழே. டிரைவர் சீட்டுக்கு அடியில பாதி காலியான பிரேக் ஆயில் பாட்டில். அப்பா வாங்கி ஊத்திக்கிட்டே இருந்திருக்கார். பின்னாடி இடது சக்கரத்தோட உள்பக்கம் ஈரம். கசியறது வீல் சிலிண்டர்.

இதுல ஒரு விஷயம் இருக்கு. திரவத்தை ஒரு இடத்துல அமுக்கினா அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாப் போகும்னு சொன்னவர் பாஸ்கல், பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் (நம்ம ஊருக்குப் பொருத்தம்தான்!). காலால அமுக்கினா சக்கரத்துல பிடிக்கறது அதனாலதான். மாஸ்டர் சிலிண்டர்ல ரெண்டு தனித்தனி வழி இருக்கு. ஒண்ணு கசிஞ்சாலும் இன்னொண்ணு பிடிக்கும், ஆனா பெடல் ரொம்பக் கீழே போனப்புறம்தான். அந்த ஒரு நொடி தாமதத்தைத்தான் நான் அப்பாவோட வயசுன்னு கணக்குப் போட்டிருக்கேன்.

மறைமலை அடிகள் சாலைப் பக்கம் போய் ரெண்டு வீல் சிலிண்டர், ஒரு செட் பிரேக் ஷூ, டாட் 3 பிரேக் ஆயில் வாங்கினேன். ஒரு பக்கம் போச்சுன்னா மறுபக்கமும் சேர்த்து மாத்தறதுதான் நல்லது. எண்ணெய் குடிச்ச ஷூவைத் துடைச்சுப் போடக்கூடாது. பழைய பிரேக் ஆயிலையும் நம்பக்கூடாது. அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினா அந்த அளவு 140 வரைக்கும் இறங்கிடும். கொதிச்சா ஆவி, ஆவின்னா பிரேக் இல்ல.

ஞாயித்துக்கிழமை காலையில முன் சக்கரத்துக்குக் கட்டை வச்சு, பின்பக்கத்தை ஸ்டாண்டுல நிறுத்தினேன் (ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க). கடல் காத்து துரு ஏத்தி வச்சிருந்த டிரம்மைக் கழட்டவே ஒரு மணி நேரம். உள்ளே சிலிண்டரோட ரப்பர் மூடி கிழிஞ்சு, எல்லாம் கறுப்புச் சேறு. தூசியை ஊதாம ஈரத்துணியால துடைச்சேன். பைப் நட்டு முனை மழுங்கிடாம கழட்டறதுக்குள்ள நாலு சாமியைக் கூப்பிட்டாச்சு.

எல்லாம் மாட்டியாச்சு. இனி ஏர் எடுக்கணும். காத்து அமுங்கும், ஆயில் அமுங்காது. குழாய்ல குமிழி இருந்தா பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கும். இந்த வேலைக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் பெடல்ல, ஒருத்தர் சக்கரத்துக்கிட்ட. தங்கமணி கோயிலுக்குப் போயாச்சு.

"அப்பா... கொஞ்சம் வர்றீங்களா?"

பேப்பரை மடிச்சு வச்சிட்டு வந்து உக்காந்தார். பத்து நாளைக்கு அப்புறம் அந்த சீட்டுல.

"அமுக்குங்க."

"அமுக்கியாச்சு."

"பிடிச்சுக்குங்க." நிப்பிளைத் திறந்தேன். டியூப்ல குமிழி குமிழியா வந்தது. மூடினேன். "விடுங்க."

நான் மூடறதுக்கு முன்னாடி அவர் காலை எடுத்திருந்தா காத்து திரும்ப உள்ள போயிருக்கும். முப்பது நாப்பது தடவை செஞ்சிருப்போம். ஒரு தடவைகூட அவர் கால் முந்தல, பிந்தல. குமிழி நின்னுது. "இப்ப கல்லு மாதிரி இருக்குடா"ன்னார்.

தெருக்கோடி வரைக்கும் மெதுவா ஓட்டிப் பார்த்தது அவர்தான். நான் பக்கத்துல. பிரேக் போட்டார். நின்னுது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. "நிக்குதுடா" அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்தது, வரல. வீட்டுக்கு வந்து சாவியை அவரோட ஆணியிலேயே மாட்டினேன்.

அப்பாவுக்கு வயசாறது பொய்யில்ல. என்னைக்காவது நிஜமாவே அந்தச் சாவியை வாங்க வேண்டி வரும். அன்னைக்கு முதல்ல வண்டியைப் பார்த்துட்டு அப்புறம்தான் அவரைப் பார்ப்பேன்.

பி.கு: பிரேக் ஆயில் பெயிண்டை அரிக்கும், சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. கை பழகலைன்னா தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்குங்க. பிரேக்குல மட்டும் வீம்பு வேணாம்.