சும்மா கடல் பார்க்கப் போனது

எங்க அப்பத்தா எழுபத்து மூணு வயசு வரைக்கும் கடலைப் பார்த்ததில்லை. பரமக்குடிக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊரிலிருந்து கடல் ஒன்றும் தூர தேசம் இல்லை. காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் பார்த்துவிடலாம். ஆனால் எங்கள் தெருவிலிருந்து கடலுக்குப் போனவர்கள் இரண்டு காரணத்துக்குத்தான் போனார்கள். ஒன்று சாவு. செத்தவர்களுக்குத் திதி கொடுக்க ஆம்பளைகள் தேவிபட்டினத்துக்கோ சேதுக்கரைக்கோ போய் முங்கிவிட்டு வருவார்கள். இன்னொன்று கூலி. அப்பத்தாவின் பெரியப்பா குடும்பம் மண்டபம் முகாமில் அடைபட்டு, மருந்து அடித்து, பரிசோதனை முடிந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் வழியாகக் கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனது. திரும்பி வரவில்லை. சும்மா கடல் பார்க்க என்று யாரும் போனதில்லை. சும்மா போவது என்பதே எங்களுக்குத் தெரியாது.

வெள்ளைக்காரத் தேசத்தில் ஆலைத் தொழிலாளிகூட லீவு நாளில் பிள்ளைகுட்டி, நாயோடு ரயிலேறிக் கடற்கரைக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புவான் என்று படித்திருக்கிறேன். அது அவனுக்குப் பெரிய காரியம் இல்லை. எங்களுக்கு அது எப்படி ஆனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

1994இல் எனக்கு ராமநாதபுரத்தில் வேலை. முதல் சம்பளங்களில் மிச்சம் பிடித்துப் பழைய யாஷிகா கேமரா ஒன்று வாங்கினேன். ஒரு ரோலுக்கு 36 படம். அந்த வருஷம் ஊரில் எங்கள் வீட்டு நாய் நாலு குட்டி போட்டது. அதில் ஒன்று ஆண். எங்க ஊரில் நம்மாட்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த சட்டம். சேரி ஆண் நாய் ஊருக்குள் போய் அவர்கள் வீட்டுப் பெட்டையோடு சேர்ந்துவிட்டால் சாதி கெட்டுப்போகுமாம். மதுரைப் பக்கத்து ஊர்களிலும் இதே கட்டுப்பாடு இருந்ததைப் பின்னால் செய்தித்தாளில் படித்தேன். கோயிலில் பைரவர் பக்கத்தில் நிற்கிற நாய் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்டதில்லை.

ஆண் குட்டி பிறந்தால் கண் திறக்குமுன் கண்மாயில் போட்டுவிடுவது வழக்கம். அந்தக் குட்டியை மட்டும் மஞ்சள் பைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, பஸ்ஸில் ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். மணி என்று பேர் வைத்தேன். நானாவது வீடு பிடிக்கும்போது சாதியை மறைத்தேன், அதற்கு அந்தக் கவலையும் இல்லை. தெருவே தன்னுடையது என்று திரிந்தது.

கூட்டாளி ஒருவர் மட்டடார் வேனில் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போவார். மறுவருஷம் தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவையும் அப்பாவையும் மணியையும் அதில் ஏற்றினேன். அப்பத்தாவுக்குப் புதுச் செருப்பும் ஒரு கறுப்புக் குடையும் வாங்கியிருந்தேன். ஏதோ பெரிசாக யோசித்து வாங்கவில்லை. வெயிலுக்கு என்றுதான் வாங்கினேன்.

உச்சிப்புளி, மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். 1988இல் திறந்த ரோட்டுப் பாலம் அது. கீழே பக்கத்தில் 1914இல் கட்டிய ரயில் பாலம். அப்பத்தா மணியின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டுத் தண்ணியா? இம்புட்டுக்கும் எவன்டா காவக்காரன்?" என்று கேட்டது. கிணற்றில் தண்ணீர் மோள விடாத ஊர்க்காரிக்கு வேறு எப்படிக் கேட்கத் தோன்றும்?

ராமேஸ்வரத்தில் ஐஸை இறக்கிவிட்டு மூன்றாம் சத்திரம் போனோம். அப்போது தார் ரோடு அதோடு சரி. அங்கிருந்து மணலில் ஓடுகிற ஜீப்பில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் அழிந்த ஊர். ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. கூரையில்லாத மாதா கோயிலும் ஸ்டேஷன் சுவர்களும் மிச்சம். சுற்றி மீனவர் குடிசைகள். மணலில் ஊர் எது, சேரி எது என்று கோடு இல்லை. மணி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி போல ஓடியது. மீனவர் குடிசை நாய்களோடு சண்டை போட்டது, பிறகு சேர்ந்து விளையாடியது.

மாதா கோயில் சுவருக்கு முன்னால் அப்பத்தாவை நிறுத்தினேன். காலில் செருப்பு, கையில் விரித்த குடை, பக்கத்தில் நாய். "சிரி அப்பத்தா" என்று சொல்லி அழுத்தப் போகிற நேரம், எனக்குப் பின்னால் யாரோ வந்தார்கள். வெள்ளை வேட்டி, முறுக்கு மீசை, கூட நாலு பேர். யாரோ எவரோ. அப்பத்தா சட்டென்று குடையை மடக்கியது. குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டது. நான் அழுத்திவிட்டேன்.

அந்த ஆள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "நாய் ஜோரா இருக்கே, யாரு நாய்?" என்றார். அப்பத்தா, "எங்க நாய் இல்லைங்கய்யா. இங்கனக்குள்ள திரிஞ்சுச்சு" என்றது. மணி அந்த நேரம் பார்த்து அப்பத்தா காலை நக்கியது.

அவர்கள் போன பிறகு எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். அப்பத்தா வெகுநேரம் பேசவில்லை. வேனில் திரும்பும்போது சொன்னது: "நீ படிச்சவன், கத்துவ. எனக்கு ஒம்போது வயசுல எங்க அய்யா வரப்புல குடை பிடிச்சாருன்னு வீட்டக் கொளுத்துனாங்கெ. கம்பு, கேழ்வரகு எல்லாம் சாம்பலு. எனக்குத் தெரியும்டா குடைன்னா என்னன்னு."

கிழவி ஏதோ சொல்கிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். சில வருஷம் கழித்து, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைமை அதிகாரியாக இருந்த ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்தேன். 1930 டிசம்பரில் இதே ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட எட்டுத் தடைகள் அதில் இருக்கின்றன. பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. மண்பானை தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மார்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. எட்டாவது: குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். அடுத்த ஜூனில் தடைகள் 11 ஆயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது.

அப்பத்தாவுக்கு 1930இல் ஒன்பது வயசு. வரலாறு என் பக்கத்தில் ஐஸ் வேனில் உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்.

இரண்டு மாசம் கழித்து அதுவே கேட்டது, "திரும்ப எப்படா கூட்டிட்டுப் போவ?" அப்புறம் நாலு தடவை போனோம். கட்டுச்சோறு, ஒரு ரோல் பிலிம், மணி. மணலில் செருப்பு போட்டு நடப்பது சிரமம், எல்லோரும் கழற்றிவிடுவார்கள். அப்பத்தா மட்டும் கழற்ற மாட்டேன் என்றது. கடைசித் தடவை டீக்கடையில் ஒருவர் நாயைப் பற்றிக் கேட்டபோது, "எங்க நாய்தான். கடுவன்" என்றது. கேட்காததற்கும் சேர்த்துப் பதில்.

கடற்கரையில் சாதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதே டீக்கடையில் "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி பாலம் தாண்டியும் வரும். ஆனால் எங்கள் சனங்களின் படம் பத்திரிகையில் வந்தால் எப்படி வருகிறது என்று பாருங்கள். 1957இல் இம்மானுவேல் சேகரன் கொலைக்குப் பின் முதுகுளத்தூர்ப் பக்கம் எரிந்த குடிசைகள். 2011 செப்டம்பர் 11 பரமக்குடித் துப்பாக்கிச்சூட்டில் செத்த ஆறு பேர். பிணமாகவோ சாம்பலாகவோதான் எங்களை கேமரா பார்த்திருக்கிறது. அவை வேண்டும், சாட்சிக்கு வேண்டும். ஆனால் செத்தவர்களும் ஒரு நாள் குடும்பத்தோடு எங்கேயாவது போய்ச் சிரித்திருப்பார்கள். அந்தப் படம் எங்கே?

2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலமும் திறந்தாயிற்று. எங்கள் தெருப் பையன்கள் பைக்கில் போய் செல்போனில் நூறு படம் எடுத்துக்கொண்டு ராத்திரிக்குள் திரும்பி வருகிறார்கள். சந்தோஷம். அப்பத்தாவும் மணியும் இல்லை. ஊரில் இப்போது எங்கள் தெருவில் ஆண் நாய் உண்டு. அதற்காக எத்தனை பேர் அடி வாங்கினார்கள் என்பது தனிக் கதை.

சுவரில் மாட்ட எந்தப் படத்தைப் பெரிதாக்குவது என்று வீட்டில் கேட்டார்கள். செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு சிரிக்கிற படம் இருக்கிறது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். செருப்பு கையில் இருக்கிற படம் முதலில்.

தோழர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படிச் சும்மா எடுத்த படங்கள் இருக்கும். தூக்கிப் போடாதீர்கள். பின்னால் பேரும் ஊரும் வருஷமும் எழுதி வையுங்கள். நாய் இருந்தால் அதன் பேரையும் எழுதுங்கள்.