மழை பார்க்க ஒரு நாற்காலி

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து இதுவரை ஒரு குடையும் ஒரு கூரையும் பறந்து போயிருக்கின்றன. இரண்டும் என் சொந்தச் செலவில் வாங்கியவை. குடை, பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் போய் உட்கார்ந்தது. கூரை அவ்வளவு தூரம் போகவில்லை. எங்கள் முருங்கை மரத்தோடு நின்றுகொண்டது. மரம்தான் நிற்கவில்லை.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

பெருங்களத்தூர் தாண்டி ஒரு கிரவுண்டு மனை. அப்பா 2003-ல் ரிடையரானபோது வந்த பணத்தில் என் பேரில் வாங்கிப் போட்டது. பாங்க் கடனில் வீடு கட்டியது நான். தெரு வடக்கே, கொல்லை தெற்கே. வீடு போக மிச்சமிருக்கும் இடத்தை நான் 'தோட்டம்' என்பேன். என் மனைவி 'கொல்லை' என்பாள். ஒரு தென்னை, ஒரு முருங்கை, இரண்டு செம்பருத்தி, துவைக்கிற கல் ஒன்று. எப்படியும் அழைத்துக்கொள்ளலாம்.

2021-ல் அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். சீர்காழிப் பக்கம் கிராமம். அங்கே இருந்தவரை மழை வந்தால் அவருக்கு ஒரே வேலைதான். டிரான்ஸிஸ்டரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். மழை விடும்வரை அங்கேதான். காப்பி அங்கே, பேப்பர் அங்கே, தெருவில் நனைந்துகொண்டு போகிறவர்களிடம் விசாரணை அங்கே.

இங்கே திண்ணைக்கு எங்கே போவது? மழை வந்தால் ஹாலில் டி.வி. முன்னால் உட்காருவார். அந்த டி.வி.யில் அவருக்குப் பங்கு கிடையாது. பாதி என் மனைவியின் ஸீரியல், மீதி மூன்றாம் கிளாஸ் படிக்கும் என் பையனின் கார்ட்டூன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்கட்டுக் கதவைத் திறந்து, க்ரில்லைப் பிடித்தபடி நிற்பார். இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

"மாமா, கதவைச் சாத்திடுங்க. சாரல் உள்ளே அடிக்குது."

சாத்திவிடுவார். என் மனைவி மேல் தப்பில்லை. தரை வழுக்கி விழப்போவதும் அவர்தானே!

2022 அக்டோபரில் ஒருநாள் ராத்திரி நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"மழைக்காலம் முடியற வரைக்கும் உன் சித்தப்பா வீட்டுல இருந்துட்டு வரட்டுமாடா? அங்கே திண்ணை இருக்கு."

"எதுக்குப்பா? இங்கே என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

எங்கள் அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு இந்த 'நல்லாத்தான் இருக்கு'வின் அர்த்தம் தெரியும். அவர் சர்வீஸில் எத்தனையோ பேச்சுவார்த்தைகளை இந்த ஒரு வாக்கியத்தால் முடித்துவைத்தவர். அப்புறம் பார்த்தால், கட்டிலுக்கு அடியில் ரெக்ஸின் பை ஏற்கெனவே தயாராக இருந்தது. நாலு வேட்டி, மாத்திரை டப்பா, டிரான்ஸிஸ்டர்.

'போகாதீங்கப்பா' என்று சொல்ல எத்தனை நேரமாகும்? ஒரு செகண்டு. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஆண்கள் அப்படியெல்லாம் பேசிக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாக நாங்கள் செலவு செய்வோம். தோட்டத்தில் அவருக்கு மழை பார்க்க ஓர் இடம் பண்ணித் தந்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

முதல் முயற்சி, குடை. ஓட்டல் புல்தரைகளில் வைப்பார்களே, அந்த மாதிரி ராட்சஸக் குடை. தோட்டத்தின் தென்கிழக்கு மூலையில் நட்டு, அடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தள்ளி நின்று பார்த்தேன். ஸினிமா மாதிரி இருந்தது. மாதக் கடைசியில் பருவமழை தொடங்கியது. மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு மேல் தலையை நீட்டி, "ஸார், உங்க குடை எங்க வீட்டுக்கு வந்திருக்கு. காப்பி சாப்பிட்டுட்டு அனுப்பிடறோம்" என்றார்.

ஆபீஸில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். லஞ்ச் நேரத்தில் ஏழு பேர் ஏழு யோசனை தந்தார்கள். வாஸ்து தெரிந்த ஒருவர் 'அக்னி மூலையில் குடை வைத்தால் பறக்காமல் என்ன செய்யும்?' என்றார். இன்னொருவர் யூட்யூபில் வெளிநாட்டுத் தோட்டங்களாகக் காட்டினார். அங்கெல்லாம் மழை பன்னீர் தெளிக்கிற மாதிரி பெய்கிறது. நமக்கு அப்படியா? சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் என்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

கடைசியில் ஜெயித்தது தகர ஷீட். அதே மூலை, பத்துக்குப் பத்து, நாலு இரும்பு பைப், மேலே ஷீட். வெல்டர் மூன்றே நாளில் முடித்துவிட்டு 32,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். சாய்வு பேருக்குத்தான். "போதும் ஸார், தண்ணி தானா வழியும்" என்றார். வழிந்தது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் முதுகில் வழிந்தது.

முதல் மழையன்று அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். பின்கட்டிலிருந்து அந்த மூலைக்கு இருபத்தைந்து அடி. அந்த இருபத்தைந்து அடியும் சேறு. எழுபத்தேழு வயது, கைத்தடி, தலைக்கு மேல் நான் பிடித்த குடை. உட்கார இடம் கட்டிய அறிவாளிக்கு, மழையில் அங்கே எப்படிப் போவது என்று மட்டும் தோன்றவில்லை பாருங்கள்!

போய் உட்கார்ந்தோம். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் டிரான்ஸிஸ்டர் கேட்கவில்லை. நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அவர் ஏதோ சொன்னது எனக்கும் கேட்கவில்லை. மேலே நனையவில்லை, வாஸ்தவம். ஆனால் சாரல் ஒரு பக்கமாக வந்து முகத்தில் அறைந்தது. கீழே விழுந்த தண்ணீர் சேற்றோடு தெறித்து வேட்டியில் கோலம் போட்டது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அதன் முழு அர்த்தம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. மழையில் உட்காருகிறவனுக்கு மேலேயிருந்து வருவது எதிரியே இல்லை. பக்கத்திலிருந்தும் கீழேயிருந்தும் வருவதுதான்.

பத்து நிமிஷம் கழித்து அப்பா எழுந்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

2022 டிசம்பர் 9-ம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் ஏரியாவில் கரண்ட் இல்லை. ராத்திரி ஒன்றரை மணிக்குக் கொல்லையில் 'தடால்' என்று ஒரு சத்தம். யாரும் எழுந்து போகவில்லை. என்ன சத்தமென்று எல்லோருக்கும் தெரியும்.

காலையில் போய்ப் பார்த்தேன். நாலு பைப்பும் ராணுவ வீரர்கள் மாதிரி நிற்கின்றன. ஷீட் முருங்கைமேல் கிடக்கிறது. முருங்கை பாதியாக முறிந்து கிடக்கிறது. முருங்கைக் கிளையின் பலம் நமக்குத் தெரிந்ததுதானே? என் மனைவி ஒன்றும் பேசாமல் கீரையை மட்டும் ஆய்ந்து எடுத்துக்கொண்டு போனாள். அந்த மௌனத்துக்கு 32,000 ரூபாய் பெறுமானம் இருந்தது.

பின்னால் கைத்தடிச் சத்தம். அப்பா.

ஷீட்டைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இது என்ன மழைடா?" என்றார்.

"புயல் மழைப்பா."

"பேரு என்ன?"

"மாண்டஸ்."

"அதில்லடா. இந்த ஸீஸன் மழைக்குப் பேரு என்ன?"

"வடகிழக்குப் பருவமழை."

"பேர்லயே திசை இருக்கு. நீ அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சுக் கட்டியிருக்கே."

எங்கள் அப்பா பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருஷம் ஓவர்சியராக இருந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூரை போட்டவர். நான் வாஸ்துக்காரரைக் கேட்டேன், வெல்டரைக் கேட்டேன், யூட்யூபைக் கேட்டேன். வீட்டுக்குள் இருபதடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்கவில்லை.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அப்பா?"

"நீ கேக்கலியேப்பா."

குத்தலாகச் சொல்லவில்லை. டீ ஆறிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அதுதான் உறைத்தது.

கைத்தடியால் ஈர மண்ணில் ஒரு கோடு போட்டார். "இது வீடு. வீடே வடக்கே இருக்கு. அதைவிட பெரிய மறைப்பு யார் கட்டித் தருவா? அதை விட்டுட்டு எதுக்குடா மூலைக்குப் போனே? பின்கட்டுச் சுவத்தோட ஒட்டி தாழ்வாரமா இறக்கு. கிழக்குப் பக்கம் மட்டும் தட்டி கட்டு. தெற்கும் மேற்கும் திறந்து விட்டுடு."

"மேற்கேயிருந்து மழை வராதா?"

"வரும். ஆடி, ஆவணியில சாயங்காலம் இடி இடிச்சுக்கிட்டு வரும். அது அரை மணி, ஒரு மணி. நாற்காலியை நகர்த்திக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு எங்கே நகர்த்துவே?"

தை பிறந்ததும் வேலை ஆரம்பமானது. அப்பா கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கொத்தனார் முதல் நாள் அவரைப் 'பெரியவரே' என்றார், கொஞ்சம் அலுப்போடு. அப்பா ரசமட்டத்தை வாங்கித் தரையில் வைத்துப் பார்த்து, "வாட்டம் உள்பக்கமா இருக்கே தம்பி. தண்ணி வீட்டுக்குள்ளதான் வரும்" என்றார். இரண்டாம் நாளிலிருந்து 'ஸார்' ஆகிவிட்டார்.

அவர் சொன்னதையெல்லாம் ஒரு பழைய டயரியில் எழுதி வைத்திருக்கிறேன். கூரைக்குப் பழைய வீடு இடித்த மங்களூர் ஓடு. ஓடென்றால் ரெண்டுக்கு ஒண்ணு சாய்வாவது வேணும், இல்லாவிட்டால் காற்று மழையில் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறும். எட்டடி இறங்குகிற கூரைக்கு வீட்டுச் சுவரில் பத்தரை அடி, தோட்டத்துப் பக்கம் ஆறரை அடி. கூரை எட்டடி, ஆனால் தரை ஆறடிதான். மிச்ச இரண்டடி கூரை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சாரலுக்குக் கப்பம் அது. தரை, மண்ணிலிருந்து ஒன்றரை அடி உயரம். வழவழ டைல்ஸ் கூடாது, சிமெண்டுத் தரையில் ஈரத்தோடு துடைப்பத்தால் கோடு இழுத்துவிட வேண்டும். கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஓரடி அகலத்துக்குப் பள்ளம் தோண்டி ஜல்லி கொட்டினால் சேறு தெறிக்காது. கிழக்கே மூன்றடிக்குச் சுவர், அதற்கு மேல் மூங்கில் தட்டி. அதிலும் உச்சியில் ஓரடி காலியாக விட வேண்டும்.

"அது எதுக்கு?" என்றேன்.

"மேற்குக் காத்து உள்ளே வந்தா வெளியே போக வழி வேணும்டா. வழி விடலேன்னா கூரையைத் தூக்கிக்கிட்டுப் போகும். உனக்குத்தான் தெரியுமே."

தெரியும், தெரியும்.

கூரையும் சுவரும் சேருகிற இடத்தில்தான் எல்லாத் தாழ்வாரமும் ஒழுகுமாம். சுவரில் காடி வெட்டி, அதில் தகரத்தைச் சொருகி, மடக்கி ஓட்டின்மேல் படிய வைத்துப் பூசச் சொன்னார். தகரத்துக்கு எங்கே போவது என்று யோசித்தேன். கைத்தடி முருங்கைப் பக்கம் நீண்டது. என் 32,000 ரூபாய் ஷீட்டில் நாலு துண்டு உபயோகமானது. பைப்புகள்கூடத் தப்பித்தன. அவைதான் இப்போது தூண்.

சுவரோரமாக ஒரு திண்ணை. உயரம் ஒன்றரை அடி. "அதுக்குக் கீழே போனா எழுந்துக்க ஆள் வேணும்" என்று தன் முழங்காலை வைத்தே அளவு சொன்னார். ஆபீஸில் பதினோரு நாள் லீவு போட்டேன். எட்டாவது நாள் மானேஜர் போன் பண்ணி, "என்னய்யா, தாஜ்மகாலா கட்டறே?" என்றார். அது ஷாஜஹான் மனைவிக்குக் கட்டினது ஸார் என்று சொல்ல நினைத்து, லீவு பாலன்ஸை உத்தேசித்து விட்டுவிட்டேன்.

2023 ஜூனிலேயே ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டியது. விடியற்காலை எழுந்து பார்த்தால் அப்பா கட்டிலில் இல்லை. பதறிப்போய்ப் பின்கட்டுக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தார், மடியில் டிரான்ஸிஸ்டர், தோளில் துண்டு. ஓட்டில் மழைச் சத்தம் கேட்டது. செய்தியும் கேட்டது. திறந்த கதவு வழியாக வீட்டுக்குள் ஒரு சொட்டுச் சாரல் இல்லை.

நானும் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். அம்மாவைப் பற்றிப் பேசினார். கல்யாணமான புதிதில் ஏதோ ஓர் ஊரில் வாடகை வீடு, கூரை ஒழுகுமாம். 'ஊருக்கெல்லாம் கூரை போடறீங்க' என்று அம்மா ஏழு பாத்திரத்தை ஏழு இடத்தில் வைப்பாளாம். எனக்கு இந்தக் கதை தெரியாது. முப்பத்தெட்டு வருஷமாக மகனாக இருக்கிறேன், தெரியாது.

அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மட்டும் நாற்காலிகளை உள்ளே தூக்கி வந்துவிட்டோம். "இது உட்கார்ற மழை இல்ல" என்று அப்பாவே தீர்ப்பு சொல்லிவிட்டார். ஓடு ஏழு உடைந்தது. மாற்றிவிட்டோம். ரெக்ஸின் பை இப்போது பரண்மேல் இருக்கிறது. என் பையன் அதில் கிரிக்கெட் ஸ்டம்ப் வைத்திருக்கிறான்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. நான், என் மனைவி, பையன், மூன்று பேரும் திண்ணையில். சுடச்சுட வெங்காய பஜ்ஜி. அப்பா எடுத்த பஜ்ஜியைக் கடிக்காமல் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"மூணாவது வரிசையில ஒரு ஓடு நகர்ந்திருக்கு."

"மழை விட்டதும் பார்த்துக்கலாம்பா."

"மழை பெய்யும்போதுதான்டா எங்கே ஒழுகுதுன்னு தெரியும். ஏணியை எடுத்துட்டு வா."

போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் கீழே உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டபடி, "இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... ஆங், அங்கேதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேலே தொப்பலாக நனைந்துகொண்டிருந்தேன்.