துப்பாக்கியை நம்பாத தலைவர்

திங்கள்

எங்கள் கேமுக்கு மூன்றாவது தலைவர் வேண்டும். 1920களின் அமெரிக்கா. மதுவிலக்கு அமலில் இருக்கிறது. ஆடுபவர் ஒரு கும்பல் தலைவரைத் தேர்ந்தெடுத்து, கள்ளச்சரக்கு வியாபாரத்தில் ஊரைப் பிடிக்க வேண்டும். சிகாகோ தலைவரும் நியூயார்க் தலைவரும் தயார். இருவருமே சுட்டுத்தான் முன்னேறுகிறார்கள். மூன்றாமவரும் அப்படியே என்றால் முகமும் தொப்பியும் மாறும், ஆட்டம் மாறாது.

2020இல் வந்த ‘எம்பயர் ஆஃப் சின்’ கேம் அல் கபோன், ஸ்டெஃபனி செயின்ட் கிளேர் போன்ற நிஜ மனிதர்களைத் தலைவர்களாக நிறுத்தியது. அடுத்த ஆண்டு வந்த ‘சிட்டி ஆஃப் கேங்ஸ்டர்ஸ்’, தெரிந்தவர், வேண்டியவர் என்ற உறவுகளின் மேலேயே ஆட்டத்தைக் கட்டியது. இரண்டும் எனக்குப் பிடித்தவை. எனக்கு வேண்டிய தலைவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்: நிஜத்தில் வாழ்ந்தவர், ஆனால் துப்பாக்கியை நம்பாதவர்.

அப்படி ஒருவர் சியாட்டிலில் இருந்தார். ராய் ஓம்ஸ்டெட்.

செவ்வாய்

ஓம்ஸ்டெட் சியாட்டில் போலீசில் லெப்டினன்ட். வாஷிங்டன் மாநிலம் நாட்டுக்கு முன்பே, 1916இலேயே மதுவிலக்குக்குப் போய்விட்டது. கடத்தல்காரர்கள் எங்கே சொதப்புகிறார்கள் என்பதை அவர் அவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்துகொண்டே கற்றார். 1920 ஜனவரியில் நாடு முழுவதும் சட்டம் வந்தது. அந்த மார்ச்சிலேயே, கரையில் சரக்கு இறக்கும் இடத்தில் அதிகாரிகள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். 500 டாலர் அபராதம் கட்டினார், வேலையும் போனது. அதன்பின் கடத்தலே முழுநேரத் தொழில்.

கனடாவிலிருந்து விஸ்கி. கடல் வழியே, சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்டுக்குள் வரும். அவர் தொழிலுக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது: ஆட்கள் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஓர் உயிர் போவதைவிட ஒரு லோடு போவது மேல் என்று சொல்லிவைத்திருந்தார்.

இதை அப்படியே விதியாக எழுதினேன். இவருடைய ஆட்களுக்கு ஆயுதம் பூட்டும் இடமே திரையில் கிடையாது.

“அப்போ வழிப்பறி வந்தா?” என்று கேட்டார் நிரல் எழுதும் நண்பர்.

“சரக்கை விட்டுட்டு வந்துடணும். லோடு போகும், ஆள் திரும்பி வருவார். வந்தவரோட விசுவாசம் ஒரு படி ஏறும்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “ஆளே சாகாத கும்பல். நல்லா இருக்கு. ஆனா வேற எங்கயாவது வலிக்கணும்.”

அந்த வலியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புதன்

தலைவரின் எண்களை நானாக இட்டுக்கட்ட வேண்டியதில்லை. 1928 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய ஓம்ஸ்டெட் வழக்குத் தீர்ப்பிலேயே எல்லாம் இருக்கிறது. ஓம்ஸ்டெட் போட்ட முதல் 10,000 டாலர். பதினோரு கூட்டாளிகள் தலைக்கு 1,000. லாபத்தில் பாதி அவருக்கு, மீதி பதினொருவருக்கும். வேலைக்கு ஐம்பது பேருக்குக் குறையாமல். கடலோடும் இரண்டு கப்பல்கள், கரையோரத்துக்குச் சிறு படகுகள், ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் நிலத்தடிக் கிடங்கு. கணக்கர், வசூலிப்பவர், வேவு பார்ப்பவர், வக்கீல். மாத விற்பனை குறைந்தது 1,76,000 டாலர். சில நாள்களில் 200 பெட்டி வரை போயிருக்கிறது.

படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது. நீதிபதிகள் விவரித்தது ஒழுங்காக நடக்கும் ஒரு கம்பெனியை. ஆகவே இவருக்குத் தொடக்கப் பணம் 21,000. ஆனால் லாபத்தில் பாதி ஒவ்வொரு மாதமும் கூட்டாளிகளுக்குப் போய்விடும். சிகாகோ தலைவர் கூட்டாளியைச் சுட்டுவிட்டு முழுப் பங்கையும் எடுத்துக்கொள்ளலாம். இவருக்கு அந்த வழி இல்லை.

லஞ்சத்தை மட்டும் மென்மையாக்கப் போவதில்லை. துப்பாக்கி இல்லாததால் அவர் உத்தமராகிவிடவில்லை. அவர் கொடுத்த பணம் நகரத்துப் போலீசை உள்ளிருந்து அரித்தது. எனவே ஒவ்வொரு லஞ்சமும் அவருக்குப் பாதி விலையில் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் நகரத்தின் நேர்மை அளவு நிரந்தரமாகக் குறையும். ஆடுபவர் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

வியாழன்

இன்று முழுக்கத் தொலைபேசித் திரை. நகரின் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஓர் அறை. மூன்று தனித்தனி இணைப்புகளில் மூன்று தொலைபேசிகள். முக்கிய ஆள் ஒருவர் எப்போதும் அங்கே இருப்பார். ஆர்டரை வாங்கிப் பக்கத்து அறையில் காத்திருக்கும் ஆட்களிடம் சொல்வார், அவர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நிஜத்திலும் இப்படித்தான் நடந்தது.

எங்கள் திரையில் மேசைமேல் மூன்று கருவிகள். முதலாவது ஒலித்தால் ஹோட்டல் ஆர்டர், இரண்டாவது வீட்டு விருந்து, மூன்றாவது படகிலிருந்து சேதி. எடுத்தால் உடனே விற்பனை. எடுக்காமல் ஆள் அனுப்பினால் ஒரு நாள் தாமதம், வாடிக்கையாளரின் பொறுமை குறையும். மணியின் ஒலியைச் சற்றுக் கூர்மையாக வைத்தோம், கை தானாக நீளும்படி.

எடுக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் பின்னால் ஒரு கணக்கு மறைவாக ஏறிக்கொண்டே இருக்கும். கட்டடத்தின் அடித்தளத்திலும் வீடுகளுக்கு அருகே தெருக்களிலும் மதுவிலக்கு அதிகாரிகள் கம்பியில் கம்பி சேர்த்து, மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்டார்கள். எழுதிச் சேர்த்த உரையாடல்கள் தட்டச்சில் 775 பக்கம். கேமில் அந்தப் பக்கங்களை ஆடுபவருக்குக் காட்டலாமா, கடைசிவரை மறைக்கலாமா? இதில்தான் நாள் முழுக்க முட்டிக்கொண்டிருந்தோம்.

வெள்ளி

விடை வரலாற்றிலேயே இருந்தது. ஓம்ஸ்டெட்டுக்குத் தெரியும். ஒட்டுக்கேட்ட பதிவுகளை 10,000 டாலருக்கு விற்க ஒருவர் அவரிடமே வந்தார். ஓம்ஸ்டெட் வாங்க மறுத்தார். வாஷிங்டன் மாநிலத்தில் தொலைபேசியை ஒட்டுக்கேட்பது குற்றம். குற்றம் செய்து எடுத்த சாட்சியம் நீதிமன்றத்தில் நிற்காது என்று நம்பினார். அதற்குப் பிறகும் போனில் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

நண்பர் கேட்ட வலி இதுதான். சட்டத்தை உடைத்துப் பிழைத்தவர், தன்னைக் காப்பாற்றும் என்று சட்டத்தையே நம்பினார். போலீஸ்காரராக இருந்தவருக்கு வரக்கூடிய நம்பிக்கை அது. துப்பாக்கி வேண்டாம் என்றதும், வக்கீலைச் சம்பளத்துக்கு வைத்ததும், போனை எடுத்ததும் எல்லாம் அந்த ஒரு வேரிலிருந்து வந்தவை.

எனவே பக்கங்களை மறைக்கப் போவதில்லை. ஆட்டத்தின் நடுவே ஒருவர் வந்து அந்தக் காகிதக் கட்டை மேசைமேல் வைப்பார். ஆடுபவர் பிரித்துப் பார்க்கலாம். தான் எடுத்த அழைப்புகள் ஒவ்வொன்றும் அதில் இருக்கும். பிறகு இரண்டே பொத்தான்கள்: வாங்கு, சட்டத்தை நம்பு. வாங்கினால் கையிருப்பு கரையும், அடுத்த கட்டு எப்போது வரும் என்று தெரியாது. நம்பினால் விற்பனை தொடரும், வழக்கும் வளரும்.

ஓவியர் இன்னொன்று கேட்டார். ஓம்ஸ்டெட் வீட்டில் ஒரு வானொலி நிலையம் இருந்தது. அவர் மனைவி குழந்தைகளுக்கு இரவுக் கதைகள் வாசித்தார். கதைகளுக்குள் படகுகளுக்கான ரகசியச் சேதி இருந்தது என்ற பேச்சு இன்றும் உண்டு. அதை ஒரு திறனாக வைக்கலாமா? வேண்டாம் என்றேன். நிரூபணமாகாத பேச்சை அந்தப் பெண்மணியின் பெயரில் விதியாக்க எனக்கு மனமில்லை. வானொலி இருக்கும். அதில் கதை மட்டும்தான் ஒலிக்கும்.

ஞாயிறு

முடிவுத் திரையை எழுதிவிட்டேன். சட்டத்தை நம்பியவருக்கு நடந்ததுதான் நடக்கும். நான்கு ஆண்டு கடுங்காவல், 8,000 டாலர் அபராதம். மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போகும். அங்கே ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோல்வி. வீட்டுக்குள் நுழையாமல் கம்பியில் கேட்டது அரசியல் சட்டம் சொல்லும் சோதனை ஆகாது என்றது பெரும்பான்மை. நீதிபதி பிராண்டைஸ் அதை ஏற்கவில்லை. தனிமனித அந்தரங்கம் பற்றி அவர் எழுதிய மறுப்பு பின்னாளில் தீர்ப்பைவிடப் புகழ்பெற்றது. 1935 கிறிஸ்துமஸ் அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஓம்ஸ்டெட்டுக்கு மன்னிப்பு வழங்கினார். 1966இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே, ஒட்டுக்கேட்பு பற்றிய கேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பழைய நிலையைக் கைவிட்டது. அவர் நம்பிய சட்டம் கடைசியில் வந்தது, அவருக்குத்தான் உதவவில்லை.

‘தோற்றுவிட்டீர்கள்’ என்ற பலகை இந்தத் தலைவருக்குக் கிடையாது. இந்த ஆண்டுகள் வரிசையாக ஓடும், அவ்வளவுதான்.

அடுத்து டெட்ராய்ட் தலைவர். பணம், வலிமை, வேகம் என்று எண்களை நிரப்பும் அட்டையின் மேலே இனி ஒரு வரி காலியாக நிற்கும்: இவர் எதை நம்புகிறார்? அதற்கு விடை கிடைத்த பிறகே கீழே எண்கள்.