நகர்நலப் பதிவேடு

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் மூன்று ஊர்களும் அடுத்தடுத்து அமைந்தவை. ஆட்சி அமைப்பில் மட்டும் மூன்றும் மூன்று வகை. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம். ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆயிற்று. பூவிருந்தவல்லி அப்போதும் நகராட்சியாகவே இருந்தது. பெயர்ப்பலகை எதுவாயினும் இவ்வலுவலகங்கள் ஒவ்வொன்றிலும் பொதுச் சுகாதாரப் பிரிவு என்று ஒன்று உண்டு. பிறப்புச் சான்று பெறுவதற்கோ, குப்பை அள்ளவில்லை என்று முறையிடுவதற்கோ அன்றி அங்கே நாம் செல்வதில்லை. இப்பகுதிப் பள்ளிகளில் நெடுங்காலமாகத் தமிழ் கற்பித்துவரும் நானும் என் இரு பிள்ளைகளின் பிறப்புச் சான்றுக்காக இருமுறை சென்றதோடு சரி.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை தொடங்கும் வேளையில், எங்கள் பள்ளி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு ஒரு வாரம் அப்பிரிவின் பணிகளை உடனிருந்து காணும் வாய்ப்புக் கிடைத்தது. மேற்சொன்ன ஊர்களை அடுத்துள்ள ஒரு நகராட்சி அது. அதன் பெயரும் பணியாளர்களின் பெயர்களும் இங்கு வேண்டா. அவர்கள் செய்த வேலையைச் சொன்னால் போதும்.

இவ்வேலைக்கான சட்டம் பழையது. 1939இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. குடிநீர், வடிகால், தொற்றுநோய், கொசு, சந்தை எனப் பலவற்றையும் ஒன்றாகத் தொகுத்த அச்சட்டம், திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. பூவிருந்தவல்லியில் நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், ஊருக்குள் சென்று நோயின் காரணத்தைத் தேடும் முறையைச் செய்துகாட்டுவதற்கான களம் அது. அவ்வூரில் இன்றுள்ள பொதுச் சுகாதார நிறுவனம் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. பூவிருந்தவல்லியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் என் மாணவர்களுள் ஒருவருக்கும் அந்நிறுவனத்தைத் தெரியவில்லை. வழியிலுள்ள வணிக வளாகங்களின் பெயர்களை மட்டும் வரிசை தவறாமல் ஒப்பித்தார்கள்.

சுகாதார ஆய்வாளரின் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கியது. தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் திறந்துவிடப்படும். திறக்கும் நேரத்தில் தெருவில் நிற்கவில்லையென்றால் சோதனை செய்ய இயலாது. அவர் கையில் இருந்தது குளோரோஸ்கோப் என்னும் சிறிய பெட்டி. குழாயில் சற்று நேரம் நீரை ஓடவிட்டுக் கண்ணாடிக் குப்பியில் பிடிக்கிறார். சில சொட்டு ஆர்த்தோடாலிடின் கரைசல் விடுகிறார். நீரில் குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியைப் பெட்டியிலுள்ள அளவோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்கிறார்.

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் கலக்கப்படும் குளோரின், நீரிலுள்ள கிருமிகளைக் கொல்வதற்கு அரைமணி நேரமாவது வேண்டும். கொன்றபின்னும் சிறிது மிஞ்ச வேண்டும். வழியில் ஏதேனும் அழுக்குக் கலந்தால் அதனோடு போரிட அந்த மிச்சம் தேவை. எனவே தொட்டியின் அடியில் எவ்வளவு இருக்கிறது என்பது ஆய்வாளருக்குப் பெரிய செய்தி அன்று. கடைக்கோடி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்பதே கேள்வி. தொட்டிக்கு அருகில் இருப்பவர்கள், தண்ணீரில் மருந்து நாற்றம் வீசுகிறது என்று குறைகூறுவார்கள். கடைசித் தெருக்காரர்களுக்கு அந்த நாற்றமே கிடையாது. அவர்கள் குறைகூறாததுதான் தமக்குக் கவலை தருகிறது என்றார் ஆய்வாளர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஒரு தெருவின் கடைசி மூன்று வீடுகளில் குப்பி மஞ்சளாகவில்லை. கரைசலை விட்டபின்னும் நீர் நீராகவே நின்றது. தெருத் தொடக்கத்தில் அளவு சரியாக இருந்தது. இடையில் ஏதோ ஒன்று குளோரினைத் தின்றுவிட்டது என்பது அதன் பொருள்.

ஆய்வாளர் அங்கிருந்து நேரே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று புறநோயாளிகள் பதிவேட்டைக் கேட்டார். முந்தைய நான்கு நாள்களில் வயிற்றுப்போக்கிற்காக வந்தவர்களின் முகவரிகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஐந்து பேர் அதே தெரு. அவர்களுள் ஒருவர் எட்டு மாதக் குழந்தை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சாதாரண வயிற்றுப்போக்கு. முகவரியால் கோத்துப் பார்த்தபோதுதான் அது ஒரு குழாயின் நோய் என்று தெரிந்தது.

இலண்டனில் 1854ஆம் ஆண்டு வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் செய்ததும் இதுவே. இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். அவை பிராட் தெருவிலிருந்த ஓர் அடிகுழாயைச் சுற்றி மொய்த்திருந்தன. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. அவர் எடுத்துரைத்தபின் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நம் ஆய்வாளரிடம் வரைபடம் இல்லை. ஒரு நீலநிறப் பேனாவும் பழுப்பேறிய பதிவேடும் இருந்தன.

குடிநீர்க்குழாய்க்குள் கழிவுநீர் எப்படி நுழையும்? மாணவர்கள் கேட்ட இக்கேள்விக்கு அவர் தெருவிலேயே விடை சொன்னார். குழாயில் நீர் எப்போதும் அழுத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தால், விரிசல் வழியே நீர் வெளியே கசியுமே தவிர வெளியிலிருப்பது உள்ளே வராது. நீர் நின்றுபோன வேளையில் குழாய் வெறுமையாகிறது. அப்போது சுற்றியுள்ள ஈரம் விரிசல் வழியே உள்ளே இறங்குகிறது. நீர் வரும் வேளையிலும் வீட்டுக்காரர்கள் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினால் அதே நிலைதான். மோட்டார் தண்ணீரை மட்டும் தேர்ந்தெடுத்து இழுப்பதில்லை. அத்தெருவில் ஒன்பது வீடுகளில் மோட்டார் இருந்தது. அவற்றுள் ஒன்று, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. "எல்லாரும் போடுகிறார்கள், நான் மட்டும் போடாவிட்டால் என் சம்ப் நிறையுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய சம்ப் நிறைந்த காலை வேளையில்தான் கடைசி வீட்டுக் குழாயில் காற்று வந்துகொண்டிருந்தது.

அன்றே அத்தெருவின் வால்வு மூடப்பட்டது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். குடிநீர் லாரி வந்தது; ஓர் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வீட்டுக்கு வீடு கொடுக்கப்பட்டது. மறுநாள் சிறுபாலத்தின் ஓரம் பள்ளம் தோண்டியபோது புதிய சிக்கல் எழுந்தது. அருகிலிருந்த பாதாளச் சாக்கடைத் தொட்டி அடைத்துக்கொண்டு கழிவுநீர் பொங்கிப் பள்ளத்தை நிரப்பியது. அடைப்பை நீக்காமல் குழாயைத் தொட முடியாது. அடைப்பு நீக்கும் ஜெட்ராடிங் வண்டியோ வேறு பகுதியில் வேலையில் இருந்தது. மாலைக்கு முன் வாராது என்றார்கள்.

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டு நாள்களாகக் குழாயில் நீர் இல்லை. வீட்டில் நோயாளிகள் வேறு. "ஆள் ஒருத்தரை உள்ளே இறக்குங்க சார், அஞ்சு நிமிஷ வேலை" என்றார் ஒருவர். "முன்னாடியெல்லாம் இறங்கினாங்களே" என்றார் மற்றொருவர். எட்டு மாதக் குழந்தையின் பாட்டி ஒன்றும் சொல்லாமல் ஆய்வாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளத்தருகே கடப்பாரையோடு நின்ற ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் இருவருள் இளையவர் சட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

"சட்டையைப் போடுப்பா" என்றார் ஆய்வாளர்.

சாக்கடைத் தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. ஆனால் அளவு மிகும்போது அது நுகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று எண்ணி இறங்குபவர் ஏறி வருவதில்லை. அவரைத் தூக்கப்போனவரும் உடன் இறந்த செய்திகளை நாம் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். மனிதர்களை உரிய பாதுகாப்பின்றி இவ்வாறு இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். ஆய்வாளர் சட்டத்தை எடுத்துச் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "வண்டி வர்ற வரைக்கும் நானும் இங்கேதான் நிற்கப்போறேன். இன்னொரு லாரித் தண்ணீர் சொல்லியிருக்கேன்" என்றார். வசைச் சொற்கள் விழுந்தன. ஒருவர் கைப்பேசியில் அவரைப் படம் பிடித்தார். என் மாணவர்கள் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள்.

வண்டி மாலை ஆறு மணிக்கு வந்தது. அடைப்பு நீங்கியது. பாலத்தின் அடியில், பழைய இணைப்பு ஒன்றில் விரல் நுழையுமளவுக்குப் பிளவு இருந்தது. இரவு பத்து மணிக்குப் புதிய குழாய் பொருத்தினார்கள். இளைய தூய்மைப் பணியாளர் தெருமுனைக் கடையில் தேநீர் குடித்துவிட்டு, கடைசிப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று ஓடினார். குழாயைக் குளோரின் நீரால் அலசி, வெள்ளிக்கிழமை நீர் திறந்தபோது கடைசி வீட்டில் குப்பி மஞ்சளாயிற்று: 0.2. அன்றைய பதிவேட்டில் அத்தெருவுக்கு ஒரே ஒரு வரிதான். மோட்டார் வைத்திருந்த ஒன்பது வீடுகளுக்கும் அறிவிப்புக் கொடுக்கப்பட்டது. எத்தனை பேர் கழற்றினார்கள் என்பதை நான் பின்தொடரவில்லை.

கொசு ஒழிப்புப் பணியாளர்களோடு இரண்டு நாள்கள் சென்றோம். பெரும்பாலோர் பெண்கள், கையில் டார்ச் விளக்கும் அபேட் மருந்தும். டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்து தேங்கிய நீரில்தான் முட்டையிடும். மாடியில் கிடக்கும் டயர், தேங்காய் ஓடு, யாரும் மாவரைக்காத ஆட்டுக்கல், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவையே அதன் பிறந்தகம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் நீர் தொட்டதும் பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள்களில் கொசுவாகும். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான்.

"எங்க வீட்ல ஏதும்மா கொசு? சாக்கடையைப் போய்ப் பாருங்க" என்று ஒரு வீட்டில் வாசலிலேயே நிறுத்தினார்கள். பணியாளர் கோபப்படவில்லை. "பார்க்கிறோம்மா. ஃபிரிட்ஜ் பின்னாடி ஒரு தட்டு இருக்கும், அதை மட்டும் காட்டிடுங்க" என்றார். தட்டில் விளக்கொளி பட்டதும் இருபது முப்பது புழுக்கள் துடித்து அடியில் இறங்கின. அவ்வீட்டம்மையார் தாமே அதைத் தூக்கிச் சென்று வெயிலில் கொட்டினார். சோதித்த நூறு வீடுகளில் எத்தனை வீடுகளில் புழு இருந்தது என்பதே வீட்டுக் குறியீடு. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மறுவாரம் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். மக்கள் விரும்பிக் கேட்பதோ புகை. புகை கண்ணுக்குத் தெரியும், ஓசையும் உண்டு, பிள்ளைகள் அதன்பின் ஓடுவார்கள். பறக்கும் கொசுக்களில் சிலவற்றை அது கொல்லும். தட்டிலிருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

வாரத்தின் கடைசி நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழித்தோம். 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் தடுப்பூசி மருந்துகளைக் காக்கும் பெட்டியின் வெப்பநிலையைச் செவிலியர் காலையிலும் மாலையிலும் ஏட்டில் குறிக்கிறார்; ஞாயிற்றுக்கிழமையும் விலக்கில்லை. மேசைமீது ஓர் அறிக்கை இருந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திடீரெனக் கை கால் தளர்ந்துபோனால் உடனே தெரிவிக்க வேண்டும். போலியோவா என்று அறிய மலமாதிரி எடுத்து, கிண்டியிலுள்ள கிங் நிலையம் போன்ற ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இந்தியாவில் கடைசியாகப் போலியோ கண்டறியப்பட்டது 2011 ஜனவரி 13 அன்று. 2014 மார்ச் 27இல் போலியோ அற்ற பகுதி என்ற சான்றும் கிடைத்தது. அதன்பின்னும் வாரந்தோறும் அறிக்கை போகிறது. அந்த வாரமும் எண்ணிக்கைக் கட்டத்தில் செவிலியர் சுழியம் இட்டிருந்தார்.

"ஒருவருக்கும் வரவில்லையென்றால் எதற்கு அனுப்ப வேண்டும்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"அனுப்பலேன்னா, நோய் வரலையா, யாரும் பார்க்கலையான்னு மேல இருக்கிறவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் செவிலியர். பிறகு, அவ்வார அறிக்கையின் படியைக் கோப்பில் சேர்க்குமாறு அவளிடமே கொடுத்தார். அவள் முந்தைய வாரங்களின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதை மேலே வைத்துக் கட்டினாள்.