விசிறி இல்லாத விமானம்
புரொப்பெல்லர் மாடல் விமானம் ஓட்டிப் பழகிய கைக்கு மாடல் ஜெட்டில் முதலில் பிடிபடாதது திராட்டில்தான். குச்சியைத் தள்ளினால் விசிறி உடனே இழுக்கும். ஜெட்டின் டர்பைன் நிதானமாகத்தான் வேகம் பிடிக்கும். இறங்கும்போது ரொம்பத் தாழ்ந்துவிட்டதே என்று கடைசி நேரத்தில் தள்ளிப் பயனில்லை. குறைத்தாலும் விசிறி தரும் பிரேக் கிடையாது, ஐடிலிலேயே உந்திக்கொண்டிருக்கும்.

முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1,00,000 சுற்றைத் தாண்டும் எஞ்சின் அது. மண்ணெண்ணெயோடு கொஞ்சம் டர்பைன் ஆயில். ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்திலேயே தீயணைப்பான்.

அமெரிக்காவில் மாடல் விமானக் கழகமான ஏ.எம்.ஏ. டர்பைன் மாடல் ஓட்டத் தனி அனுமதி கேட்கிறது; வேக வரம்பு மணிக்கு 200 மைல். கெடுபிடிதான், ஆனால் நியாயமான கெடுபிடி.

இத்தனைக்கும் ஜெர்மனியின் கர்ட் ஷ்ரெக்லிங் சொந்தமாகச் செய்த ஆரம்பகால டர்பைனில் கம்ப்ரெசர் சக்கரம் வெறும் ஒட்டுப்பலகை! சிதறாமலிருக்கக் கார்பன் இழை சுற்றியிருந்தார்.