மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில்

பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல் நாள் இரவு, முல்லைத்தீவில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் தொடங்கிய வாக்குவாதம் அது. கோவிலில் கொடுக்கவேண்டிய பெயர்களை ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தரச் சொன்னா. முதலாவது பெரியப்பா. இரண்டாவது, 2009இல் போரின் கடைசி மாதங்களில் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்களைவிட்டுத் தவறிப்போன அண்ணை. இத்தனை வருசமும் அவர் பெயரை இறந்தவர்களோடு சேர்த்துச் சொல்ல ஒருவரையும் விடாத பெரியம்மா, அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தானே சொன்னா. நான் பேனையை எடுத்தேன்.

“செத்தவைக்காக ஜெபிக்கச் சொல்லி வேதத்தில ஒரு இடத்திலயும் இல்லை அம்மா” என்றான் தம்பி, பெரியம்மாவின் மகன். செட்டிகுளம் அகதி முகாமில் யாரோ கொடுத்த சின்னப் புதிய ஏற்பாட்டில் தொடங்கி, இப்போது கிளிநொச்சியில் ஒரு சபைக்குப் போகிறவன்.

“மக்கபேயில இருக்கு. சுவாமி பிரசங்கத்தில சொன்னவர்.”

தம்பி தன் வேதாகமத்தின் சிப்பை இழுத்துத் திறந்தான். சிவப்புப் பேனையால் கோடிட்ட பக்கங்கள். மல்கியாவின் கடைசி அதிகாரத்தைக் காட்டி, அடுத்த தாளைப் புரட்டினான். மத்தேயு. “எங்க? காட்டுங்கோ.”

பெரியம்மாவுக்குக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. “என்ர வேதத்தில இருந்தது. அது வீட்டோட போட்டுது” என்றா. பிறகு எழும்பி உள்ளே போய்விட்டா. கடதாசித் துண்டு என் கையில் இருந்தது.

அந்தப் புத்தகம் எங்கே போனது என்று தேட வெளிக்கிட்டது அப்படித்தான்.

முதல் வேலை சுலபம். கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு, ஒன்றை இரவல் வாங்கினேன். பழைய ஏற்பாட்டில் 46, புதியதில் 27, மொத்தம் 73 நூல்கள். தம்பியின் கையில் உள்ளதில் 66. இடைவெளி ஏழு நூல்கள்: தோபித்து, யூதித்து, ஞானநூல், சீராக், பாரூக்கு, இரண்டு மக்கபேயர். ‘இணைத் திருமுறை’ என்று தலைப்பிட்டு, சரியாகத் தம்பி புரட்டிக் காட்டிய அந்த இடத்திலேயே, பழைய ஏற்பாட்டுக்கும் புதியதற்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள்.

மக்கபேயர் இரண்டாம் நூல், பன்னிரண்டாம் அதிகாரம். போர் முடிந்து, விழுந்துகிடந்த தன் வீரர்களின் உடல்களை எடுக்க யூதா மக்கபே போகிறான். உடைக்குள்ளே வேற்றுத் தெய்வத்தின் தாயத்துகள் இருக்கின்றன; மோசேயின் சட்டத்துக்கு அது குற்றம். அவன் அவர்களைச் சபிக்கவில்லை. ஏறக்குறைய 2,000 வெள்ளி நாணயம் தண்டி, அவர்களுடைய பாவத்துக்குப் பரிகாரப் பலி கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்புகிறான். இறந்தவர் எழும்புவர் என்ற நம்பிக்கையில் அவன் அப்படிச் செய்தது நல்லது என்கிறார் நூலாசிரியர். நந்திக்கடல் பக்கத்து மனிதர் இந்த அதிகாரத்தை ஓர் இறையியல் வசனமாக மட்டும் வாசித்துவிட முடியாது. உடலை எடுக்கப் போக முடிந்ததே, அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

எங்கள் விறாந்தைச் சண்டை புதிதும் அல்ல. 1519இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் யொகான் எக் என்ற கத்தோலிக்கப் பேராசிரியர் இறந்தவர் பரலோகம் போகுமுன் தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு ஆதாரமாக இதே அதிகாரத்தைத்தான் தூக்கிக் காட்டினார். எதிரில் நின்ற மார்ட்டின் லூத்தரின் பதில், அந்த நூல் வேதத்தின் பட்டியலில் இல்லை என்பது. எபிரேய வேதத்தில் இல்லாதது அது, கிரேக்கத்தில் எழுதப்பட்டது. பதிலுக்குக் கத்தோலிக்கர் கேட்கும் கேள்வியும் லேசானதல்ல: எந்தெந்த நூல் வேதம் என்ற பட்டியலை வேதத்தின் எந்தப் பக்கத்தில் கண்டீர்கள்? பட்டியலைத் தந்தது திருச்சபையென்றால், பொருள் சொல்லும் உரிமையும் அதற்குத்தானே? 1546 ஏப்ரல் 8 அன்று திரெந்துச் சங்கம் இரண்டையும் ஒரே அமர்வில் முடித்தது. நூல்களின் பட்டியலை உறுதிசெய்தது. திருச்சபை கொண்ட பொருளுக்கு மாறாக எவரும் தன் எண்ணப்படி வேதத்தைத் திரிக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது.

இவ்வளவும் தெரிந்தபோது, லூத்தர் வெட்டி எறிந்தார், அதனால் தமிழ் வேதத்திலும் இல்லை என்று எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தேன். அது பிழை. லூத்தர் வெட்டி எறியவில்லை. 1534இல் அவர் வெளியிட்ட முழு ஜேர்மன் வேதாகமத்தில் அந்த நூல்கள் தனிப் பகுதியாக இருந்தன. வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்க நல்லவை என்ற குறிப்போடு.

தமிழிலோ கதை இன்னும் வேடிக்கை. தரங்கம்பாடியில் லூத்தரன் பாதிரியார் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டை ரூத் வரை கொண்டுவந்து 1719இல் காலமானார். மிச்சத்தைச் செய்தவர் பெஞ்சமின் சூல்ச். அவர் 1728இல், தள்ளுபடி ஆகமங்கள் என்று இன்று சபைக்காரர் சொல்லும் அந்த நூல்களையும் தமிழில் அச்சேற்றினார். தமிழில் முதன்முதல் முழுதாக வந்த வேதாகமத்தில், லூத்தரன்கள் செய்ததில், மக்கபே இருந்தது!

பிறகு எடுத்தது யார்? விடை லண்டனில், கணக்குப் புத்தகத்தில் இருந்தது. 1804இல் தொடங்கிய பிரித்தானிய வேதாகமச் சங்கம் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு அந்த நூல்களோடு சேர்த்தே வேதாகமம் அச்சிடக் காசு கொடுத்துவந்தது. ஸ்கொட்லாந்துக்காரர் எதிர்த்துக் கிளம்பினார்கள். சங்கம் உடையும் நிலை வந்தது. 1826இல், இனி அந்த நூல்களை அச்சிட ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று முடிவானது. மலிவு விலையில் தமிழ் வேதம் வந்தது சங்கத்தின் அச்சுக் காசால்தான். பவர் பாதிரியாரின் தலைமையில் 1871இல் வந்து, தம்பியின் சிப் உறைக்குள் இன்றும் இருக்கும் மொழிபெயர்ப்பும் அந்த வழியில் வந்ததே. வேதத்துக்கு யார் பொருள் சொல்லலாம் என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடிக்கிறோம். எது வேதம் என்பதை அச்சுக்கூலி கொடுத்தவர் பாதி தீர்மானித்துவிட்டார்.

இதைப் பக்கத்து வளவு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் சொன்னேன். சைவர். “உங்கட வேதத்தைத் தமிழாக்கினதே எங்கட நாவலர்தானே” என்று சிரித்தார். வடக்கில் எல்லோரும் சொல்லும் கதை, முழுதும் சரியல்ல. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் ஒரு பரீட்சார்த்தப் பதிப்பாக வந்தது, நிலைக்கவில்லை. எனக்குச் சுவையாக இருந்தது அடுத்த சங்கதி. 1854இல் நாவலர் எழுதிய சைவதூஷணபரிகாரம், எருசலேம் ஆலயத்தின் தூபமும் தீபமும் பலியும் சுத்திகரிப்பும் பழைய ஏற்பாட்டில் கிடக்கையில் சைவக் கிரியையைப் பழிக்க உங்களுக்கு என்ன முகம் என்று கேட்டது. பாதிரிமாருக்கு வேதம் படிப்பித்தவர் திருநீறு பூசிய மனிதர். எவரும் திறந்து வாசிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்த புத்தகத்தை அவரும் திறந்து வாசித்தார், அவ்வளவுதான்.

மிஞ்சியது பெரியம்மாவின் தொலைந்த வேதம். அது எப்படி இருந்தது என்று ஒருநாள் விபரமாகக் கேட்டேன். கறுப்பு மட்டை, செபமாலைக் காரணிக்கங்கள், மன்றாட்டுகள், தவக்காலத்தில் வாசிக்கும் பகுதி… கேட்கக் கேட்க விளங்கியது. அது வேதாகமமே அல்ல, செபப்புத்தகம். மக்கபேயை அவ கண்ணால் கண்டதில்லை, காதால்தான் கேட்டவ.

அதில் சிரிக்க ஒன்றுமில்லை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருமாரை விரட்டியபின், 1687இல் யோசே வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து இறங்கும்வரை, 29 வருசம் குருவில்லாமல் இந்த வேதக்காரர் நின்றார்கள். மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் போனதும் அந்தக் காலத்தில்தான். பாடமாக்கிய செபமும் காதால் கேட்ட கதையுமே அவர்கள் வேதம். ஆனால் அந்த நெருக்கடி தீர்ந்து நெடுங்காலத்துக்குப் பிறகும் சாதாரண சனத்தின் கையில் புத்தகத்தைக் கொடுக்கத் திருச்சபை அவசரப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேதம் எல்லோருக்கும் தாராளமாகத் திறந்திருக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதியது 1965இல். அதிகாரபூர்வமாக விளக்கும் பொறுப்பைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.

வீட்டில் தாயும் மகனும் பவுலையும் சின்னப்பரையும் இரண்டு ஆட்கள் என்று நினைத்து ஒருமுறை வாதாடியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம்.

இரவல் வாங்கிய திருவிவிலியத்தைத் தம்பியிடம் கொடுத்து, பன்னிரண்டாம் அதிகாரத்தை மட்டும் வாசி என்றேன். இரண்டு நாள் வைத்திருந்தான். திருப்பித் தரும்போது, “நல்ல கதை. வாசிக்கலாம். ஆனா வேதம் இல்லை” என்றான். 1534இல் லூத்தர் போட்ட குறிப்பும் அதுதான் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

அந்த நவம்பர் 2, சகல ஆத்துமாக்களின் திருநாள் பூசைக்குப் பெரியம்மா இரண்டு பெயர் கொடுத்தா. துண்டை எழுதிக் கொடுத்தது தம்பி.