இரண்டாம் வருடத்துப் பிள்ளைகள்

ரொறன்ரோவில் வயலின் ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கோயில் மண்டபம், கடைத்தொகுதியின் மேல்மாடி, வீட்டு நிலக்கீழ் அறை என்று திரும்பிய இடமெல்லாம் வகுப்பு நடக்கிறது. மேற்கத்திய முறையில் பழக்குபவர்கள் அதைவிட அதிகம். இவர்களில் யாரிடம் பிள்ளையை ஒப்படைப்பது என்பதுதான் கேள்வி. மகளுக்காக அலைந்தபோது நான் பார்த்ததும் யோசித்ததும் இன்னொரு தாய்க்கோ தகப்பனுக்கோ உதவலாம்.

எல்லோரும் முதலில் கேட்டது, கர்நாடகமா மேற்கத்தியமா என்றுதான். இரண்டையும் ஒன்றாகவே தொடங்கலாமே என்றார் அண்ணி. வாத்தியம் ஒன்றுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி சென்னையில் ஐரோப்பியரிடம் அதைப் பழகித்தான் எங்கள் இசைக்குள் கொண்டுவந்தார். ஆனால் கை ஒன்றல்ல. மேற்கத்திய முறையில் நின்றுகொண்டு, தாடைக்கும் தோளுக்கும் நடுவே வயலினைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் குறித்த இடத்தில் விழ வேண்டும். நாங்களோ நிலத்தில் இருந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றுகிறோம். அப்போதுதான் இடது கை பாரமில்லாமல் தந்தியில் வழுக்கி ஓடும். அந்த ஓட்டமில்லாமல் கமகம் இல்லை. சுருதி கூட்டுவதும் வேறு வேறு. எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு ஒரே வாரத்தில் இரண்டையும் சொல்லிக் கொடுத்தால் எதுவும் படியாது. ஒன்று வேரூன்றட்டும், மற்றது பிறகு வரட்டும் என்பது என் முடிவு. மகள் பாட்டு வகுப்புக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருந்ததால் கர்நாடகத்தைத் தேர்ந்தோம்.

அடுத்தது பரீட்சை. எங்கள் தலைமுறை வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளைக் கேட்டு வளர்ந்தது. இங்கே 1886இல் தொடங்கிய றோயல் கொன்சர்வேற்றரியின் பரீட்சைகள் நாடு முழுக்க நடக்கின்றன. ஆகவே எந்த வகுப்புக்குப் போனாலும் பெற்றோர், "எத்தனையாம் கிரேட் வரை போகலாம்?" என்று கேட்கிறார்கள். பரீட்சைக்கு நான் எதிரியல்ல. ஆனால் வருடம் முழுவதும் அதற்குரிய உருப்படிகளையே உருப்போடும் பிள்ளைக்குக் காது வளர்வதில்லை.

ஆசிரியரின் கச்சேரியைக் கேட்டுவிட்டு அவரிடம் பிள்ளையை விட வேண்டாம் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். அவரிடம் இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளைகள் வாசிப்பதைக் கேளுங்கள். முதல் வருடத்தில் எல்லாருக்கும் தந்தி கீச்சிடும். ஐந்தாம் வருடத்தில் நிற்பவர்கள் எங்கே விட்டாலும் முளைக்கும் பிள்ளைகள். இரண்டாம் வருடத்தில்தான் ஆசிரியரின் உழைப்பு தெரியும்.

மேடையில் பெயர் பெற்ற ஒருவரின் வகுப்பில் போய் இருந்தேன். சின்னப் பிள்ளைகள் வர்ணம் வாசித்தார்கள். வேகம் இருந்தது. ஆனால் வில் குதிரையை விட்டு விலகி விரல்பலகைப் பக்கம் சறுக்கிக்கொண்டே இருந்தது. பஞ்சமம் ஒவ்வொரு வயலினிலும் ஒவ்வொரு உயரத்தில் நின்றது. அவர் தாளம் போட்டபடி அடுத்த வரிக்குப் போனார்.

மார்க்கத்தில் ஒரு ரீச்சர் தன் வீட்டிலேயே பழக்குகிறார். யாழ்ப்பாணத்தில் படித்தவர். வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்தின் தகப்பனார் லட்சுமிநாராயணா இசை கற்பித்த ஊர் அது. பாடம் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையின் வயலினையும் வாங்கி, சுருதிப் பெட்டியோடு சேர்த்துக் கூட்டினார். குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி காற்றைக் காயவைத்துவிடும்; மரம் சுருங்கி, பிருடை பிடியாமல் நழுவும். கூட்டி முடிக்க நேரம் போனது. அவர் அவசரப்படவில்லை, பிள்ளைகளும் அதுவரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்படிக் கேட்பதையும் அவர் பாடமாகவே வைத்திருக்கிறார். வயலினைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது, பெட்டிக்குள் ஈரப்பதம் காக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வகுப்பில் சரளி வரிசைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

இரண்டாம் வருடப் பிள்ளைகள் இன்னும் ஜண்டை வரிசையில்தான் நின்றார்கள். "ரெண்டு வருசமாச்சு, கீதத்துக்கே வரேல்லை" என்று பக்கத்தில் இருந்த தகப்பன் குறைப்பட்டார். அவருடைய மகளோ மூன்று காலத்திலும் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தாள். நடுவில் ரீச்சர் நிறுத்தி, "ராசாத்தி, மணிக்கட்டை இறுக்காதை, மெதுவா இழு" என்றார். பிள்ளை இழுத்தாள். தொனி மாறியது, அது மாறியதை அவளே கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். நான் அங்கேயே முடிவெடுத்துவிட்டேன்.

ஸ்காபரோவின் தெற்கிலிருந்து மார்க்கத்துக்கு, பனி கொட்டும் மாலைகளில் பாதை நீண்டுகொண்டே போகும். பக்கத்துத் தெருவிலேயே வகுப்பு இருக்கிறதே என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இருந்தும் போகிறோம். மகளின் அரை அளவு வயலின் கைக்குச் சிறுத்து வருகிறது. முக்கால் அளவுக்கு மாறும்போது கடைக்குத் தானும் வந்து தொனி பார்ப்பதாக ரீச்சர் சொல்லியிருக்கிறார்.